மார்பகக் குறைப்பு அறுவைக்குப் பின் அடிமடிப்பில் புண் ஆறத் தாமதம்: எதுவரை பொறுக்கலாம்?

வாலாஜா_ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வாலாஜாபேட்டைக்கு அருகில் ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. மார்பின் கனத்தால் பல ஆண்டுகளாகக் கழுத்துவலி, தோளில் உள்ளாடைப் பட்டை பதிந்த பள்ளம், கத்திரி வெயிலில் அடிமடிப்பு முழுவதும் படை என்று அவதிப்பட்டு, வீட்டாரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து மார்பகக் குறைப்பு அறுவை செய்துகொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

இடது பக்கம் நன்றாக ஆறிவிட்டது. வலது பக்கத்தில், காம்பிலிருந்து நேராகக் கீழே இறங்கும் தையலும் அடிமடிப்பில் குறுக்கே ஓடும் தையலும் சந்திக்கிற இடத்தில், மூன்றாம் வாரத்தில் தோல் விலகியது. இப்போது அங்கே ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண் இருக்கிறது. புண்ணின் அடியில் மஞ்சள் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, துடைத்தால் வருவதில்லை. காய்ச்சல் கிடையாது, வலியும் பெரிதாக இல்லை, கட்டுத்துணியில் மட்டும் மஞ்சள் கறை படிகிறது.

அறுவை செய்த மருத்துவர் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் இப்படி ஆவது வழக்கம், தானாக மூடும், பொறுமையாக இருங்கள்" என்றார். மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆன்டிபயாட்டிக் பவுடரும் கொடுத்தார்கள். மாமியார் முட்டை, மீன், கத்தரிக்காய் மூன்றையும் நிறுத்திவிட்டு மஞ்சள் பற்றுப் போடச் சொல்கிறார். ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் இங்கே கேட்கிறேன். அந்த மஞ்சள் படலம் சீழா? பொறுமை என்பது எத்தனை வாரம்? விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தலாமா?

காட்பாடி_செவிலி

சகோதரி, பல ஆண்டுகள் அறுவைப் பிரிவில் கட்டு மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் சொன்னது சமாதானத்துக்காகச் சொன்ன வார்த்தை அன்று. இந்த அறுவையில் மிக அதிகமாக வரும் சிக்கலே புண் ஆறத் தாமதமாவதுதான். அதுவும் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் அதே இடத்தில்தான் வரும். தலைகீழாகத் திருப்பிய ஆங்கில 'T' போலத் தையல்கள் கூடும் அந்தச் சந்திப்பில் மூன்று தோல் ஓரங்கள் ஒன்றாக இழுத்துக் கட்டப்படுகின்றன. மார்பின் எடை முழுவதும் அந்தப் புள்ளியில் தொங்குகிறது. தோல் மடல்களின் நுனி என்பதால் ரத்த ஓட்டமும் அங்கேதான் மிகக் குறைவாக வந்து சேர்கிறது. நுனித்தோல் கொஞ்சம் இறந்தால்கூட உடனே வெளியே தெரியாது; இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் கறுத்தோ, வெளுத்தோ, விலகியோ தன்னைக் காட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் தைத்த தோலுக்கு அதன் பழைய வலுவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. மூன்று மாதம் கழித்தும் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத்தான் எட்டும். முழு வலு என்றைக்கும் திரும்புவதில்லை.

மஞ்சள் படலத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது சீழ் போலத் தெரியவில்லை. சீழ் வழியும், நாற்றமடிக்கும், சுற்றுத்தோல் சூடாகிச் சிவந்து வலிக்கும். ஒட்டிக்கொண்டு துடைத்தாலும் வராமலிருப்பது செத்த திசுவும் ஃபைப்ரின் என்ற புரதமும் சேர்ந்த படலம். டிரஸ்ஸிங் அறையில் 'ஸ்லஃப்' என்போம். அதை நகத்தால் சுரண்டக் கூடாது. ஈரப்பதம் சரியாக இருந்தால் உடலே அதைக் கரைத்துவிடும். மிகுதியாக இருந்தால் மருத்துவர் சிறிது வெட்டி எடுப்பார். அதன்கீழ் மாதுளை முத்துப் போலச் சிவந்து மினுங்கும் சதை தெரியத் தொடங்கினால் புண் ஆறும் பாதையில் இருக்கிறது என்று பொருள். லேசாகத் தொட்டாலே அந்தச் சதையில் ரத்தம் கசியும்; அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடை இன்றே நிறுத்திவிடுங்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் அழுக்கு வெளியேறுவது போலத் தோன்றும். உண்மையில் புதிதாக வளரும் உயிரணுக்களும் அந்த நுரையில் சாகின்றன. ஸ்பிரிட்டுக்கும் இதே கதைதான். பீட்டாடினைக் கிருமி இருக்கும்போது சில நாளைக்கு மருத்துவர் சொல்லி வைத்தால் சரி, மாதக்கணக்கில் ஊற்றக் கூடாது. பவுடர் கசிவோடு கலந்து கட்டியாகி, ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வர முடியாதபடி அடைத்துக்கொள்ளும்.

கட்டு மாற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பல வீடுகளில் புண் கெடுவதே அங்கேதான். காய்ந்த காஸ் துணி புண்ணோடு ஒட்டியிருக்கும்போது ஒரே இழுப்பில் பிய்த்தால், அன்றைக்கு வளர்ந்த புதுச்சதையும் கூடவே வந்துவிடும். சலைன் எனும் கிருமிநீக்கிய உப்புநீரை ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து புண்ணின் நடுவை நோக்கி மெல்ல உரியுங்கள். பிறகு சலைனாலேயே கழுவி, சுற்றுத்தோலை மட்டும் ஒற்றி உலர்த்துங்கள். புண்ணைத் தேய்க்க வேண்டாம், பஞ்சின் நார் உள்ளே தங்கிவிடும் என்பதால் பஞ்சும் வேண்டாம். ஒட்டாத பாரஃபின் காஸோ, கசிவு அதிகமிருந்தால் ஃபோம் டிரஸ்ஸிங்கோ வைக்கலாம். எது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். திறந்த சலைன் பாட்டிலை நாள்கணக்கில் ஜன்னலோரம் வைத்திருந்து பயன்படுத்தாதீர்கள். சலைன் இல்லாத நாளில் கொதிக்க வைத்து ஆறிய நீர் போதும். மாடித் தொட்டி நீரை நேராகப் புண்ணில் விடாதீர்கள்.

வாரம் ஒருமுறை ஒரே நாளில் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொறுமை எத்தனை வாரம் என்ற உங்கள் கேள்விக்கு அந்த நோட்டுதான் பதில் சொல்லும். எண் குறைந்துகொண்டே வந்தால் இரண்டு மாதமானாலும் பொறுக்கலாம். இரண்டு, மூன்று வாரம் எண் அசையாமல் நின்றால் காரணம் தேட வேண்டும்.

மக்கன்பேடா

எனக்கும் இதே அறுவை நடந்தது, இதே இடத்தில்தான் பிரிந்தது, இரண்டு பக்கமும். முழுவதும் மூட மூன்று மாதம் பிடித்தது. இன்று பார்த்தால் அந்த இடத்துத் தழும்பு மற்றத் தழும்பைவிடச் சற்று அகலம், அவ்வளவே. கழுத்துவலி போனதை நினைத்தால் மறுபடியும் செய்துகொள்வேன். கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தையல் எந்திரத்தில் வேலை செய்பவள். ஆறு வாரம் வரை கனம் தூக்கவும் கையைத் தோளுக்கு மேலே நீட்டி வேலை செய்யவும் வேண்டாம் என்றார் என் மருத்துவர். கரும்பலகையின் மேல்பாதியை மாணவர்களிடமே எழுதச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

பாலாற்று_மைந்தன்

யாரும் தவறாக எண்ண வேண்டாம். இயற்கை கொடுத்த உடம்பை அழகுக்காக வெட்டிவிட்டுப் பிறகு ஆறவில்லை என்று வருந்துவதில் என்ன பொருள் இருக்கிறது? எங்கள் பாட்டி காலத்தில் எந்தப் புண்ணுக்கும் குப்பைமேனி இலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் ஆறிவிடும். கிரந்தி சேர்க்கும் உணவை விலக்காமல் எந்த ஆயின்மென்ட் போட்டும் பயனில்லை.

காட்பாடி_செவிலி

ஐயா, தோளில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளமும் கோடை முழுவதும் புண்பட்ட அடிமடிப்பும் அழகுப் பிரச்சினை அல்ல. அப்படியே ஒருவர் அழகுக்காகச் செய்துகொண்டிருந்தாலும், அவருடைய புண்ணும் புண்தான். குப்பைமேனியின் குணத்தைப் பற்றி நான் வாதிட வரவில்லை. தோலின் மேல் படைக்குப் பூசுவது வேறு; தோல் திறந்து கொழுப்புத் திசு வெளியே தெரியும் புண்ணுக்குள் அம்மியில் அரைத்ததை வைப்பது வேறு. அம்மியிலும் இலையிலும் மண் இருக்கும், மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். மஞ்சள் தூள் புண்ணின் அடியில் படிந்துவிட்டால், எது படலம், எது சீழ், எது மஞ்சள் என்று பார்ப்பவருக்கே விளங்காது.

மட்டுறுத்துநர்

அறுவை செய்துகொண்டது சரியா தவறா என்ற விவாதத்தை இந்த இழையில் தொடர வேண்டாம். புண்ணின் புகைப்படங்களைப் பொதுவில் பதிவிடாதீர்கள். கேட்டுத் தனிச்செய்தி அனுப்புவோரைப் பற்றி எங்களுக்குத் தெரிவியுங்கள். இதுவரை இருவர் அவ்வாறு கேட்டதாகப் புகார் வந்து, அவர்கள் நீக்கப்பட்டுள்ளனர்.

ஓய்வுபெற்ற_தொழுநோய்_ஆய்வாளர்

என் துறை வேறு, ஆயினும் ஆறாத புண்களோடு முப்பது ஆண்டுக்கு மேல் வட ஆற்காட்டுக் கிராமங்களில் சுற்றியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண் ஆறாததற்குச் சதை கெட்டிருப்பது காரணம் அன்று, உணர்ச்சியற்ற பாதம் மீண்டும் மீண்டும் அழுந்திக் காயப்படுவதே காரணம் என்று காட்டினார். கரிகிரி தொழுநோய் மருத்துவமனைக்கு நாங்கள் அனுப்பிய நோயாளிகளுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் வாரக்கணக்கில் மூடியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இதை இங்கே சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சந்திப்பில் உள்ள புண்ணைத் தொங்கும் எடை ஒவ்வொரு அசைவிலும் இழுத்துக்கொண்டிருந்தால் எந்த மருந்தாலும் பயன் குறைவு. ஆகவே தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை இரவிலும் அணியச் சொன்னால் அணியுங்கள். கம்பி வைத்தது வேண்டாம், முன்பக்கம் கொக்கி உள்ளது நல்லது, அதன் கீழ்ப்பட்டை புண்ணின் மேலேயே உட்காராதபடி அளவு பார்த்து வாங்குங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து வேகத்தடைகளைத் தாண்டுவதையும் சில வாரம் தள்ளி வையுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். இந்த அறுவையில் தோல் நரம்புகள் வெட்டுப்படுவதால் மார்பின் அடிப்பகுதியிலும் காம்பிலும் மாதக்கணக்கில் உணர்ச்சி மங்கியிருக்கும். நம் வீடுகளில் வீக்கம் என்றால் உடனே உப்பையோ மணலையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள். உணர்ச்சி மங்கிய தோலுக்குச் சுடுவது தெரியாது. கொதிநீர்ப் பையும் கூடாது, பனிக்கட்டியை நேராக வைப்பதும் கூடாது. உணர்ச்சியற்ற கையால் சூடான டம்ளரைப் பிடித்துக் கொப்பளம் வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்தப் பயம் நிலைத்துவிட்டது.

ஆற்காடு_அடுக்களை

உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். மருத்துவமனையில் உணவியல் பிரிவில் வேலை. சகோதரி, உங்கள் மாமியாரின் அக்கறையைக் குறை சொல்லவில்லை, ஆனால் அவர் நிறுத்தியிருக்கும் மூன்றில் இரண்டு, புண் ஆற உடல் கேட்கும் பொருள்கள். புதுத்தோலும் அதன் அடியில் நெய்யப்படும் கொலாஜனும் புரதத்தால் ஆனவை. அறுவைக்குப் பின் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கணக்கு வைப்போம்; 65 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 78 முதல் 98 கிராம் வரை வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் இட்லியும் ரசஞ்சாதமும் மட்டும் சாப்பிட்டால் இதில் பாதி கிடைப்பதே கடினம். ஓர் இட்லியில் இரண்டு கிராம் அளவுதான். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, நூறு கிராம் வேகவைத்த கோழிக்கறியில் 25-க்கு மேல். தண்ணீராக வைத்த சாம்பாரைப் பருப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள்; கெட்டியாகக் கடைந்த பருப்பு, சுண்டல், பாசிப்பயறு ஆகியவற்றை எழுதுங்கள். கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. அதற்கு ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ போதும். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், நம் ஊர்ப் பெண்களிடம் அது சர்வசாதாரணம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் பாதி வீண்.

கத்தரிக்காய் சாப்பிட்டால் புண் ஆறாது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. சிலருக்கு ஒவ்வாமையால் அரிப்பு வரும், அவர்கள் மட்டும் விலக்கினால் போதும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் புவிசார் குறியீடு வாங்கியிருக்கும் இந்தச் சீமையில் பிறந்துவிட்டு, அதை ஒருவர் காரணமின்றித் தள்ளி வைப்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

குடியாத்தம்_வாசி

புகையிலையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எந்த பிளாஸ்டிக் சர்ஜனும் முதலில் கேட்பது, புகைப்பிடிக்கிறீர்களா என்பதைத்தான். நம் பக்கத்துப் பெண்கள் இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள்; அது உண்மையும்கூட. ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடுவதையும், பல்லில் வைக்கும் பொடியையும், மூக்குப்பொடியையும் யாரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. நிகோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அந்தச் சந்திப்பு நுனிக்கு வரும் கொஞ்ச ரத்தமும் அதனால் குறையும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் முழுமையாக நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

எங்கள் ஊரிலும் பேர்ணாம்பட்டுப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். தூள் மூக்கிலும் கையிலும் நாள் முழுவதும் படுகிறது. புகைக்காத பீடித் தொழிலாளர் உடம்பிலும் நிகோட்டின் சேர்வது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். என் உறவினர் ஒருவருக்கு வயிற்று அறுவைக்குப் பின் தையல் பிரிந்து இழுத்துக்கொண்டே போனபோது, ஒரு பயிற்சி மருத்துவர் தொழில் என்ன என்று கேட்ட பிறகுதான் இந்தப் பேச்சே எழுந்தது. வீட்டில் அடுத்தவர் பீடி குடித்தாலும் வெளியே போய்க் குடிக்கச் சொல்லுங்கள்.

ஆரணி_நெசவு

பொறுமை என்ற மருந்துக்கும் காலாவதி உண்டு என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் மருத்துவமனையையும் குறிப்பிடவில்லை. என் தங்கைக்கு மார்பகத்தில் அழகு சார்ந்த அறுவை நடந்து, தையலெல்லாம் மிக நன்றாக ஆறி, எல்லோரும் மறந்தும் போன நிலையில், இரண்டு மாதம் அளவில் ஆறிய தழும்பின் மேல் சிறு கட்டி ஒன்று வந்து உடைந்து நீர்போலக் கசிந்தது. தையல் நூல் வெளியே வருகிறது என்றார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், கொஞ்சம் குறைந்தது, மறுபடி பக்கத்தில் இன்னொரு துளை. சீழ் பரிசோதனை இரண்டு முறை 'கிருமி இல்லை' என்றே வந்தது. காய்ச்சல் இல்லை, உடம்பு நன்றாகத்தான் இருந்தது. இப்படியே பல மாதம் போயிற்று.

கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவர், கசிவைப் பஞ்சுக் குச்சியில் எடுக்காமல் திசுவாகவே வெட்டி எடுத்து, மைக்கோபாக்டீரியத்துக்குத் தனியாக வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கைப்பட எழுதி அனுப்பினார். காசநோய்க் கிருமியின் உறவினமான, ஆனால் காசநோய் அல்லாத ஒரு கிருமி வளர்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் கிருமியாம். கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாவிட்டால் அறுவையின்போது உள்ளே போய்விடும் என்றார். அந்தத் துளைகளை வெட்டி எடுத்து, மாதக்கணக்கில் வேறு வகை மருந்துகள் கொடுத்த பிறகே மூடியது. அதற்கு முன் ஓரிடத்தில் பரிசோதனையே இல்லாமல் காசநோய் மாத்திரை தொடங்கச் சொன்னார்கள். என் தங்கை மறுத்தது நல்லதாகப் போயிற்று.

அறுவை_அரங்கு

ஆரணி நண்பர் எழுதியது மிகவும் பயனுள்ளது. நான் பிளாஸ்டிக் சர்ஜரி பயிற்சியில் இருப்பவன், சிலவற்றைச் சேர்க்கிறேன். வழக்கமான ஆய்வகத்தில் சீழ் வளர்ப்புச் சோதனையை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு வளர்ச்சி இல்லை என்று முடித்துவிடுவார்கள். அந்த வகைக் கிருமிகளில் வேகமாக வளர்பவைக்கே சில நாள் முதல் ஒரு வாரம் வரை தேவை. தேடும் கிருமி எது என்று மருத்துவர் எழுதித் தராவிட்டால் ஆய்வகம் அதைத் தேடாது. அவற்றில் பெரும்பாலானவை வழக்கமான காசநோய் மாத்திரைகளுக்கு அடங்குவதில்லை. கிளாரித்ரோமைசின், அமிக்காசின் போன்றவற்றைக் கிருமியின் உணர்திறனைப் பார்த்துச் சேர்த்துக் கொடுப்போம். அதே வேளையில் நம் நாட்டில் மார்பகத்தில் உண்மையான காசநோயும் வருவதுண்டு என்பதால், திசுவைப் பார்க்காமல் இரண்டில் எது என்று ஊகித்து மருந்து தொடங்குவது யாருக்கும் நல்லதன்று.

நூல் வெளிவருவதும் உண்மையில் நடப்பதே. உள்ளே கரையும் விக்ரில் வகை நூல் முழுவதும் கரைய இரண்டு மாதமும் அதற்கு மேலும் ஆகும். இடையில் ஒரு முடிச்சு தோலைக் குத்திக்கொண்டு பருப்போல வெளியே வரும். முடிச்சை எடுத்துவிட்டால் சில நாளில் அந்த இடம் மூடிவிடும். மூடாமல் பக்கத்திலேயே புதுத்துளை வந்தால்தான் மேலே சொன்னதை நினைக்க வேண்டும்.

இன்னொன்று அரிது, ஆனால் தெரியாமல் கையாண்டால் பெருங்கேடு. அறுவைக்குப் பின் சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ புண் மிக வேகமாகப் பரவி, ஓரம் ஊதா நிறமாகி, அளவுக்கு மீறி வலித்து, காய்ச்சலும் வந்து, பார்த்தால் கடும் கிருமித்தொற்று போலவே இருக்கும். கிருமி வளராது, ஆன்டிபயாட்டிக்குக் கேட்காது, பெரும்பாலும் இரண்டு மார்பிலும் வந்து காம்பை மட்டும் விட்டுவைக்கும். கெட்ட சதை என்று வெட்ட வெட்டப் பெரிதாகும். பயோடெர்மா காங்ரினோசம் என்ற இந்நோய் உடலின் எதிர்ப்பாற்றல் தவறாகத் திரும்புவதால் வருவது. இதற்குக் கத்தியை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். தோல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டிய இடம் இது. மூட்டு வாதமோ குடல் அழற்சி நோயோ இருப்பவர்கள் அறுவைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரையைப் பற்றி: அன்றன்றைய வெறும் வயிற்று அளவு ஏமாற்றும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை 8-க்குள் இருந்தால்தான் பலர் இத்தகைய அறுவைக்கே நாள் குறிப்பார்கள். புண் நின்றுபோனால் அதை மறுபடி பாருங்கள். முன்பு சர்க்கரை இல்லாதவர்களும் பாருங்கள். மூட்டுவலிக்கு வாங்கும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நாங்கள் அடிக்கடி எதிர்கொள்வது. அதுவும் புண்ணை ஆறவிடாது.

மார்பைப் பெரிதாக்க சிலிக்கோன் உறை வைத்துக்கொண்டவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டுப் பொறுமையாக இருந்துவிடாதீர்கள். உள்ளே உறை இருக்கும்போது தையல் சிறிது விலகினாலும், தெளிவான நீர் கசிந்தாலும், அன்றைக்கே அறுவை செய்தவரிடம் போக வேண்டும். அங்கே காத்திருந்தால் பெரும்பாலும் உறையையே இழக்க நேரிடும்.

ஆசிரியை அவர்களே, உங்கள் அறுவையில் எடுத்த திசுவை நோய்க்கூறு பரிசோதனைக்கு அனுப்பினார்களா? அதன் அறிக்கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு_கணேசன்

ஒரு சிறு தகவல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துள்ள, காப்பீடு பொருந்தாத பொது விலக்குகளில் எட்டாவது, அழகு மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரி பற்றியது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்குவதற்கான மருத்துவத் தேவைக்கும் அதில் விதிவிலக்கு உண்டு. அந்தத் தேவையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். எனவே கழுத்துவலிக்கும் அடிமடிப்புப் படைக்கும் முன்பு பார்த்த சீட்டுகளை எறியாதீர்கள். பணம் கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை; சீட்டு இல்லாமல் வாதாடவே முடியாது என்கிறேன்.

வாலாஜா_ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. சில வாரம் கழித்து எழுதுகிறேன். இங்கே படித்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மாறாக, அளவு எழுதிய நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லா நோயாளிகளும் இப்படி எழுதினால் தம் வேலை பாதி குறையும் என்றார். மஞ்சள் படலத்தில் ஒரு பகுதியைக் கத்தரியால் எடுத்தார். வலிக்கவே இல்லை, ஆய்வாளர் ஐயா சொன்ன உணர்ச்சி மங்கல் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. ஃபோம் டிரஸ்ஸிங்கை இரண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஹீமோகுளோபின் 9-க்குச் சற்று மேல் இருந்ததால் இரும்புச்சத்து தொடங்கியிருக்கிறார். ஹெச்பிஏ1சி சரியாக இருக்கிறது, திசு அறிக்கையிலும் ஒன்றுமில்லை.

நாணய அளவு இப்போது மிளகைவிடச் சற்றுப் பெரிது என்ற அளவுக்கு வந்திருக்கிறது. மாமியாரிடம் உணவியல் சகோதரியின் பதிவைப் படித்துக் காட்டினேன். முட்டைக்கு அனுமதி கிடைத்தது. மீன் விசாரணையில் உள்ளது.

இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம். தழும்புக்குப் பூசும் சிலிக்கோன் ஜெல் எப்போது தொடங்கலாம்? புண்ணுக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. அதற்குப் பயப்பட வேண்டுமா?

அறுவை_அரங்கு

ஜெல்லோ தகடோ, தோல் முழுவதும் மூடி, கசிவும் பொருக்கும் நின்ற பிறகே. திறந்த புண்ணில் வைக்கக் கூடாது. இடது பக்கம் ஏற்கெனவே ஆறியிருப்பதால் மருத்துவரைக் கேட்டு அங்கே இப்போதே தொடங்கலாம். வலது பக்கம் மூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு, மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் பலன் தெரியும். நம் தோல் நிறத்தில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம்; தடிப்பு எல்லை தாண்டி வளர்ந்து அரித்தால் உள்ளே போடும் ஊசி உண்டு, தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கட்டி பெரும்பாலும் ரத்த ஓட்டம் குறைந்து இறுகிய கொழுப்பாக இருக்கும். மாதக்கணக்கில் மெல்லக் கரையும், சில நேரம் கரையாமல் அப்படியே நின்றுவிடும். ஆனாலும் மார்பில் எந்தக் கட்டியையும் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. அடுத்த முறை போகும்போது காட்டி, ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால் இந்த அறுவை நடந்ததை எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ஏனெனில் இறுகிய கொழுப்பும் தழும்பும் படத்தில் வேறு மாதிரித் தெரியும்.

காட்பாடி_செவிலி

மிளகு அளவில் இருக்கும்போதுதான் பலர் கட்டை விட்டுவிடுகிறார்கள். பொருக்கு விழுந்து அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரியும்வரை மூடியே வையுங்கள். கோடை முடியும்வரை அடிமடிப்பில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்து, வியர்வையில் நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள்; பள்ளிக்குப் போகும்போது பையில் இரண்டு துணி கூடுதலாக இருக்கட்டும்.